மீன்தொட்டிக்கு மரத் தாங்கி: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வெளிநாடு செல்லும் உறவினர் ஒருவரிடமிருந்து ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் கொண்ட மீன்தொட்டி ஒன்றை வாங்கியிருக்கிறேன். 12 மில்லிமீற்றர் கண்ணாடி. அடியில் விளிம்புச் சட்டம் எதுவும் கிடையாது. அதனுடன் வந்த இரும்பு ஸ்டாண்ட் துருவேறிப் போய்விட்டதால் மரத்தில் நானே ஒன்றைச் செய்துகொள்ளலாம் என்று எண்ணுகிறேன். எங்கள் ஊர் ஓடாவி (தச்சர்), நாலுக்கு நாலு அங்குல முதிரை மரத்தில் நான்கு கால் நட்டு ஆணி அடித்தால் ஆயுளுக்கும் அசையாது என்கிறார். மச்சானோ, மரத்தை நம்ப வேண்டாம், பொக்ஸ் பாரில் (உள்ளே வெற்றான சதுர இரும்புக் குழாயில்) வெல்டிங் செய்துகொள் என்கிறார். தொட்டியை மேல்மாடியில் வைக்கத்தான் எனக்கு விருப்பம். உங்கள் அபிப்பிராயத்தை அறியத் தருவீர்களா?

களுவாஞ்சிகுடி வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

ஓடாவி சொன்னதில் பாதி சரி. முதிரை உங்கள் தொட்டியைத் தாங்கும், ஆணி தாங்காது.

முதலில் பாரத்தைக் கணக்கிடுவோம். கண்ணாடியின் தடிப்பைக் கழித்து, மேல் விளிம்பில் இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் உங்கள் தொட்டி ஏறக்குறைய 580 லீற்றர் தண்ணீர் கொள்ளும். அது 580 கிலோ. கண்ணாடி மட்டும் 120 கிலோ அளவில் வரும். மணல், கல், வடிகட்டி எல்லாம் சேர்ந்தால் மொத்தம் 800 கிலோவை நெருங்கிவிடும். அதாவது, பதினாறு சீமெந்துப் பைகளைப் பன்னிரண்டு சதுர அடிக்குள் அடுக்கி, இரவும் பகலும் இறக்காமல் வைத்திருப்பதற்கு ஒப்பானது. கேட்டவுடன் பயம் வருவது இயல்புதான். ஆனால், நிமிர்த்தி வைத்த மரக்கால் நேராகக் கீழ்நோக்கி வரும் பாரத்தால் நசுங்குவதென்பது இந்த அளவில் நடக்கக்கூடிய காரியம் அல்ல. ஆறு கால்கள் வைத்தால் ஒரு காலுக்குச் சராசரியாக 135 கிலோ மட்டுமே வருகிறது. நாலுக்கு இரண்டு சட்டம் ஒன்றுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தாங்கிகள் கெட்டுப்போவது வேறு இரண்டு இடங்களில்: மூட்டில், அல்லது பக்கவாட்டு ஆட்டத்தில்.

மூட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் செய்யப்படும் மேசைகளிலும் வாங்குகளிலும் குறுக்குச் சட்டத்தைக் காலின் பக்கத்தில் வைத்து ஆணி அடிப்பதே வழக்கமாக இருக்கிறது. சோற்றுத் தட்டைத் தாங்கும் மேசைக்கு அது போதும். மீன்தொட்டிக்கு அப்படிச் செய்தால் 800 கிலோவும் ஒரு சில ஆணிகளின் தண்டில் தொங்குகிறது. மரம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பயனில்லை. மேற்சட்டம் காலின் தலையில் உட்கார வேண்டும். கால் கீழ்ச்சட்டத்தின் மேல் நிற்க வேண்டும். பாரம் மரத்திலிருந்து மரத்துக்கு, அதிலிருந்து தரைக்கு என்று இறங்கிச் செல்ல வேண்டும். ஸ்குரூவுக்கும் போல்ட்டுக்கும் உரிய வேலை, அந்த மரங்கள் இடம் விட்டு நகராமல் பிடித்துவைப்பது மட்டுமே. செய்து முடித்த தாங்கியைப் பார்த்து, எல்லா ஸ்குரூக்களையும் இப்போது கழற்றினாலும் தொட்டி நிற்குமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். ஆம் என்று சொல்ல முடிந்தால் மூட்டு சரி. உங்கள் ஓடாவிக்குக் கழுந்தும் துளையும் (ஒரு மரத்தின் முனையை முளையாகச் செதுக்கி மற்றதன் துளையில் செருகும் மூட்டு) வெட்டத் தெரிந்திருக்கும். அதற்கான கூலியைக் கொடுத்து அவரிடமே அந்த வேலையை ஒப்படைப்பது, நீங்கள் புதிதாகப் பழகிப் பார்ப்பதைவிட நல்லது.

மேற்சட்டத்துக்கு நாலுக்கு இரண்டு மரம் போதும், ஆனால் அதை நிமிர்த்தி வைக்க வேண்டும். படுக்கப் போட்ட சட்டம், நிமிர்த்தி வைத்த அதே சட்டத்தைப் போல நான்கு மடங்கு வளையும். அதேபோல, ஆறடி நீளத்துக்கு மூலைகளில் மட்டும் கால் வைக்காமல், முன்னும் பின்னும் நடுவில் ஒவ்வொன்று சேர்த்தால் சட்டத்தின் தொய்வு பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். நாலுக்கு நாலு முதிரையில் நான்கு காலுக்குச் செலவழிக்கும் பணத்தில் நாலுக்கு இரண்டில் ஆறு கால் வைத்து மிச்சமும் பிடிக்கலாம். சிலர் முன்பக்கம் கதவு அகலமாக வேண்டும் என்பதற்காக நடுக்காலை விட்டுவிடுகிறார்கள். அழகுக்காகச் செய்யும் அந்தச் சிக்கனத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்தத் தொய்வு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், தொட்டியின் முன்பக்கக் கண்ணாடியைத் தண்ணீர் ஏறக்குறைய 270 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்து நிற்பது மூலைகளில் உள்ள சிலிக்கன் ஒட்டு. தாங்கியின் ஒரு மூலை சற்றுத் தாழ்ந்தாலும் தொட்டி முறுக்கிக்கொள்ள, ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் அந்த ஒட்டின் மேல் இன்னொரு சுமை ஏறுகிறது. உங்களுடையது பழைய தொட்டி என்பதால் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

இனி ஆட்டம். கால்களும் சட்டங்களும் மட்டுமே உள்ள தாங்கியை ஒரு முனையில் இடுப்பால் இடித்தால், அது சதுரம் குலைந்து சாயப் பார்க்கும். பின்புறம் முழுவதையும் இரண்டு பக்கங்களையும் 12 மில்லிமீற்றர் பிளைவுட்டால் மூடி, பசையும் ஸ்குரூவும் சேர்த்து நெருக்கமாக இறுக்கிவிட்டால் அந்தச் சாய்வுக்கு இடமே இராது. வடிகட்டிக் குழாய்களுக்கான துளைகளைப் பலகையின் நடுப்பகுதியில் போடுங்கள், மூலைகளைத் தொடாதீர்கள். எம்.டி.எஃப், சிப்போட் இரண்டும் வேண்டாம். தண்ணீர் சிந்தாத மீன்தொட்டி உலகில் இல்லை, அந்தப் பலகைகளோ நனைந்தால் ஊதிப் பிரிந்துவிடும். தொட்டியை ஏற்றுமுன் வெறும் தாங்கியின் மேல்மூலையைக் கையால் தள்ளிப் பாருங்கள். அரை அங்குலம் அசைந்தாலும் அது இன்னும் முடிந்த வேலை அல்ல.

மரத்தைப் பொறுத்தவரை முதிரை, தேக்கு, நன்கு காய்ந்த மகோகனி எல்லாமே ஏற்றவை. அல்பீசியாவும் மருந்து ஏற்றாத இறப்பர் மரமும் ஏற்றவை அல்ல. முதிரையில் முன்கூட்டியே துளை போடாமல் ஸ்குரூ ஏற்றினால் மரம் பிளக்கும், அல்லது ஸ்குரூ முறியும். மரக்காலையில் வாங்கும்போது பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுங்கள், ஏனெனில் முதிரையை அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஏற்றிச் செல்வது வழக்கில் போய் முடியும். என்னைக் கேட்டால், பழைய வீடு பிரித்த தீராந்தியோ கைமரமோ கிடைக்குமா என்று முதலில் விசாரிப்பேன். அது காய வேண்டிய அளவு காய்ந்துவிட்ட மரம். உள்ளே முறிந்து கிடக்கும் ஆணிகளை மட்டும் தேடிப் பிடுங்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடாவியின் சீவுளி போய்விடும், அவருடைய பொறுமையும் போய்விடும். புதிதாக அறுத்த மரத்தை மாரியில் வாங்கிச் செய்துவிட்டு, கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் சட்டங்கள் முறுக்கிக்கொள்வதைப் பார்த்துக் கவலைப்படுபவர்கள் உண்டு. மரம் நீளவாட்டில் அநேகமாகச் சுருங்காது, குறுக்குவாட்டிலேதான் சுருங்கும். ஆகவே கால்களின் உயரம் மாறாவிட்டாலும், நிமிர்த்தி வைத்த மேற்சட்டங்களில் ஒன்று பச்சையாகவும் மற்றது காய்ந்ததாகவும் இருந்தால் சில மாதங்களில் தொட்டி ஒரு பக்கம் தாழ்ந்துவிடும். எல்லாச் சட்டங்களும் ஒரே மரத்தில், ஒரே அளவு காய்ந்தவையாக இருக்கட்டும்.

உங்கள் மச்சானிடம் இதைச் சொல்லுங்கள்: இரும்பு பலவீனமானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் உங்கள் ஊர்க் காற்றில் பொக்ஸ் பாரின் உட்புறம் வண்ணமின்றி இருந்து துருவேறுவது வெளியே தெரிவதில்லை. மரம் கெடத் தொடங்கினால் நிறம் மாறும், நகத்தால் அழுத்தினால் மெதுவாக இருக்கும், கறையான் மண்கோடு இழுக்கும், கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதே காரணத்துக்காக ஸ்குரூக்களும் போல்ட்டுகளும் ஸ்டெய்ன்லெஸ் ஆகவோ, குறைந்தது கல்வனைஸ் ஆகவோ இருக்க வேண்டும்.

மேல்மாடி வேண்டாம். வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோ வரையான பாவனைப் பாரத்துக்கே கணக்கிடப்படுகின்றன. உங்கள் தொட்டி தன் பரப்பளவில் சதுர மீற்றருக்கு 700 கிலோவுக்கு மேல் இறக்குகிறது. அதனால் தளம் இடிந்துவிடும் என்று பொருளல்ல, ஆனால் பீம் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் அந்தச் சோதனையை வீட்டில் செய்து பார்க்க வேண்டியதில்லை. கீழ்த்தளத்திலும், கழுவும் தண்ணீர் ஓட வேண்டும் என்பதற்காக மேசன்மார் தரையை வாசலை நோக்கிச் சற்றுச் சரித்து விட்டிருப்பார்கள். அந்தச் சரிவைத் தாங்கியின் கீழ்ச்சட்டத்துக்கு அடியில் ஆப்புத் துண்டு வைத்துச் சரிசெய்யுங்கள். தொட்டிக்கும் தாங்கிக்கும் இடையில் ஆப்பு எதையும் செருகாதீர்கள். கால்பங்கு தண்ணீர் ஊற்றியதும் நான்கு மூலைகளிலும் தண்ணீர் மட்டத்திலிருந்து விளிம்பு வரை அளந்து பார்த்தால், குமிழ் மட்டத்தைவிடத் தண்ணீரே சரியாகச் சொல்லிவிடும்.

அடியில் விளிம்புச் சட்டம் இல்லாத தொட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 18 மில்லிமீற்றர் பிளைவுட் மேற்பலகையின் மேல் அரை அங்குல ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) விரித்து அதன்மேல் வையுங்கள். ஒரு மணற்பரல் கண்ணாடிக்கடியில் சிக்கினாலும் ரெஜிபோம் அமிழ்ந்து கொடுக்கும். உயரம் இரண்டரை அடி போதும். அதைவிடத் தாழ்த்தினால் தண்ணீர் மாற்றும்போது குழாய் வழியாக வாளிக்கு இறக்கச் சிரமப்படுவீர்கள். முன்பக்கக் கதவுகளை மட்டும், தொட்டியை நிரப்பி இரண்டு மூன்று நாட்கள் விட்ட பிறகு பொருத்துங்கள். பாரம் ஏறி மூட்டுகள் இறுகிய பின்தான் சட்டம் தன் நிலைக்கு வரும், அதற்கு முன் பொருத்திய கதவு உராயும்.

அன்புடன்