வாய் சொல்வதைப் பென்சில் சொல்லாத பிள்ளைகள்: கேள்வி பதில்

மீத்திறனும் (வயதை மீறிய அறிவுத்திறன்) கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நான் ஸ்பெஷல் எஜுகேட்டர், மருத்துவர் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

கேள்வி: மகளுக்கு 9 வயது. கருந்துளை பற்றி அரைமணி நேரம் பேசுவாள். எழுதச் சொன்னால் மூன்றே வரி, அதிலும் பாதி பிழை. சோம்பேறித்தனம் என்கிறார் மிஸ். இரண்டும் ஒரே பிள்ளைக்கு இருக்குமா?

பதில்: இருக்கும். இது புதிதும் இல்லை. 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். கணக்கு நன்றாக வரும், ஆனால் தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதுவான். பாடம் முழுக்க வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்றாராம் அவனுடைய ஆசிரியர். கவனியுங்கள், அவர் சோம்பேறி என்று சொல்லவில்லை.

ஒரே கேள்விக்கு மகளை முதலில் பேசச் சொல்லி ஃபோனில் பதிவு செய்யுங்கள். மறுநாள் எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் மிஸ்ஸிடம் கொடுங்கள். நீங்கள் வாதாடுவதை விட அது நன்றாகப் பேசும். அப்புறம் டிஸ்லெக்ஸியா (வாசிப்பதில் குறைபாடு), டிஸ்கிராஃபியா (எழுதுவதில் குறைபாடு) இரண்டுக்கும் பரிசோதனை செய்யக் கேளுங்கள்.

கேள்வி: வெக்ஸ்லர் டெஸ்டில் மகனுக்கு மொத்த ஐக்யூ 112. "பிரச்சினை ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். உள்ளே சொல்சார் புரிதல் 138, செயலாக்க வேகம் 80 என்று இருக்கிறது.

பதில்: அந்த 112-ஐ ஓரமாக வையுங்கள். 138 என்றால் அவன் வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் கிட்டத்தட்ட 99 பேரை விட மேல். 80 என்றால் கிட்டத்தட்ட 90 பேர் அவனை விட வேகம். இந்த இரண்டையும் கலந்து எடுத்த எண்ணில் உங்கள் மகன் எங்கே இருக்கிறான்? இப்படி இடைவெளி பெரிதாக இருந்தால் செயல்நினைவையும் (ஒன்றை மனதில் வைத்துக்கொண்டே வேலை செய்யும் நினைவு) வேகத்தையும் விட்டுவிட்டுப் பொதுத் திறன் குறியீடு என்று தனியாகக் கணக்கிடலாம். அதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் ஐக்யூ டெஸ்ட் மட்டும் வைத்துக் கற்றல் குறைபாட்டைச் சொல்ல முடியாது. வாசிப்பு, எழுத்து, கணக்குக்குத் தனிப் பரிசோதனை வேண்டும்.

கேள்வி: ஐந்தாம் வகுப்பு வரை நல்ல மார்க். ஆறில் திடீரென்று சரிவு. இவ்வளவு நாள் தெரியாமலா இருந்திருக்கும்?

பதில்: தெரியாமல்தான் இருக்கும். புத்தி குறையை மூடிவிடும், குறை புத்தியை மூடிவிடும். பார்க்கிறவர்களுக்குச் சுமாரான பிள்ளை மாதிரியே தெரியும். சின்ன வகுப்பில் படத்தையும் சூழலையும் வைத்து ஊகித்தே வாசித்துவிடலாம். பாடம் நீளும்போது ஊகம் போதாது. "தெமுலகி" மாதிரி அர்த்தமே இல்லாத நாலைந்து சொற்களை எழுதிக் கொடுத்துப் பாருங்கள். அங்கே தடுமாறினால் ஊகித்துத்தான் ஓட்டியிருக்கிறான் என்ற சந்தேகம் நியாயமானது. உறுதி செய்வது பரிசோதகர் வேலை.

கேள்வி: மேடம், ஸ்பெல்லிங் சரியாகும் வரை செஸ், ரோபோ கிளாஸ் எல்லாம் கட் என்கிறது பள்ளி. அந்த நேரத்தில் ரெமெடியல் கிளாஸாம், அதாவது பின்தங்கிய பாடத்துக்குத் தனிப் பயிற்சி.

பதில்: வேண்டாம். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். அவனுக்குத் தன்மேல் மதிப்பு வருகிற ஒரே இடம் அதுவாக இருக்கலாம். அதைப் பிடுங்கி இதற்கு விலையாக வைக்கக்கூடாது. ரெமெடியல் வேண்டும்தான், ஆனால் வேறு நேரத்தில். அதிலும் ஒரு சிக்கல்: எழுத்தையும் ஒலியையும் படிப்படியாகச் சேர்த்துத்தான் சொல்லித்தர வேண்டும், ஆனால் 11 வயதுப் பையனிடம் "பூனை ஓடியது" புத்தகத்தை நீட்டினால் அவமானத்தில் சுருங்கிவிடுவான். பயிற்சிக்குச் சொல் பட்டியல் போதும். விஷயத்துக்கு அவன் மூளைக்கேற்ற புத்தகத்தை ஆடியோவில் கொடுங்கள்.

கேள்வி: நான் ஆசிரியை. ஒருவனுக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுத்தால் மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா?

பதில்: தேர்வு எதை அளக்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அறிவியலையா, கை வேகத்தையா? அறிவியல்தான் என்றால் வேகத்துக்கு ஏன் மார்க்? கருத்துக்குத் தனி மார்க், எழுத்துப்பிழைக்குத் தனி மார்க் போட்டுப் பாருங்கள். பலகையிலிருந்து காப்பி எடுப்பதைக் குறைத்து அச்சுத்தாள் கொடுங்கள். பத்துக் கணக்குக்குப் பதில் கடினமான நான்கு கொடுங்கள். எண்ணிக்கையைக் குறைத்தால் போதும், தரத்தைக் குறைக்காதீர்கள்.

கேள்வி: "நான் முட்டாள்" என்று தினமும் அழுகிறான். "நீ புத்திசாலிடா" என்றால் இன்னும் கோபம் வருகிறது.

பதில்: வரும். புத்திசாலி என்றால் இது ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு உங்கள் பாராட்டில் பதில் இல்லையே. டெஸ்ட் ரிப்போர்ட்டை அவனுக்குப் புரிகிற மாதிரி திறந்து காட்டுங்கள்: இது உனக்குச் சுலபம், இது உனக்குக் கஷ்டம், கஷ்டத்துக்குப் பெயர் டிஸ்லெக்ஸியா. பெயர் தெரிந்ததும் நிம்மதியான பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அழுகையோடு தூக்கமும் சாப்பாடும் கெட்டால் மனநல ஆலோசகரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: டைப்பிங் பழக்கினால் கையெழுத்து இன்னும் மோசமாகாதா?

பதில்: கையெழுத்துக்குத் தினம் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மீதி நேரம் டைப் செய்யட்டும்.