மூன்று லட்சம் வெள்ளிக்கு முன்னால் ஒரு பக்கக் கடிதம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். இவருக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. மகள் பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வில் எட்டு ஏ எடுத்திருக்கிறாள். கிள்ளானில் இருக்கும் தாய்மாமன் தனியார் கல்லூரி ஒன்றில் மருத்துவப் படிப்புக்கு இடம் பேசி வைத்துவிட்டார். மகளோ ஆங்கிலத்தில் ஒரு நாவலை எழுதி முடித்து வைத்துக்கொண்டு, லண்டனில் இலக்கிய முகவர் தேடப்போகிறேன் என்கிறாள். “இந்த எண்ணத்தை எப்படி மாற்றுவது என்று சொல்லுங்கள் ஐயா” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அம்மா, உங்கள் பயம் புரிகிறது. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து, தாமான் குடியிருப்பில் சொந்த வீடு வாங்கும் வரை வந்திருக்கிறீர்கள். பிள்ளை இன்னும் ஒரு படி மேலே போகவேண்டும் என்று நினைப்பதில் தவறே இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். இரண்டு பக்கத்தில் எங்கேயும் “மகளுக்கு டாக்டராக ஆசை” என்று ஒரு வரி இல்லை. அண்ணன் சொல்கிறார், அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள், மார்க் வீணாகிவிடும் என்கிறீர்கள். மாற்றவேண்டியது அவளுடைய எண்ணத்தை அல்ல, உங்கள் அண்ணன் போட்ட கணக்கை.

அந்தக் கணக்கைப் பார்ப்போம். தனியார் கல்லூரியில் மருத்துவம் படித்து முடிக்க மூன்று லட்சம் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டுவது சாதாரணம். அடிப்படைப் படிப்பு ஒரு வருடம், பிறகு ஐந்து வருடம், பிறகு பயிற்சி மருத்துவராக இரண்டு வருடம். முடித்தவுடன் அரசாங்க வேலை நிரந்தரம் என்ற காலம் போய்விட்டது. 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்களை ஒப்பந்த அடிப்படையில்தான் எடுக்கத் தொடங்கினார்கள்; 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் பணியை விட்டு வெளியே வந்து போராடியதை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். மருத்துவம் மோசமான தொழில் என்று சொல்லவில்லை. அதில் உயிராக இருக்கும் பிள்ளைகளுக்கு நானே வழி தேடிக் கொடுத்திருக்கிறேன். ஆசை இல்லாத பிள்ளையை, கையில் இல்லாத பணத்தில், நிச்சயமில்லாத வேலைக்கு அனுப்புவதைத்தான் எதிர்க்கிறேன்.

ஊழியர் சேமநிதியில் பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் எடுக்க அனுமதி இருக்கிறது. அனுமதி இருக்கிறது என்பதற்காக எடுத்தே ஆகவேண்டியதில்லை. உங்கள் கணவர் லாரி ஓட்டி முதுகு உடைந்து சேர்த்த பணம் அது. வீட்டை அடகு வைக்கும் யோசனையும் வேண்டாம். அண்ணன் வற்புறுத்தினால், மூன்று லட்சத்தில் அவர் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். கேட்ட பிறகு பேச்சு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள்.

மெட்ரிகுலேஷன், டிப்ளோமா, ஆசிரியர் பயிற்சி இவற்றையெல்லாம் பள்ளியில் சொல்லியிருப்பார்கள். நான் திரும்பச் சொல்லவில்லை. என் பரிந்துரை, பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவம். அரசாங்கப் பள்ளி, ஒன்றரை வருடம், செலவு மிகக் குறைவு, முடித்துவிட்டு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம். ஆறாம் படிவத்துக்கான எஸ்.டி.பி.எம். தேர்வில் ஆங்கில இலக்கியமும் ஒரு பாடம். எல்லாப் பள்ளியிலும் நடத்துவதில்லை, எங்கே நடத்துகிறார்கள் என்று விசாரியுங்கள். அந்த ஒன்றரை வருடத்தில் நாவல் தன் வழியில் போகட்டும்.

நாவல் எழுதுவதை வேலையாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறேனா? இல்லை. முதல் நாவல் சோறு போடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். ஆனால் பதினெட்டு வயதுகூட முடியாத நிலையில் ஒரு முழு நாவலை எழுதி முடித்தவள், பெரியவர்கள் பலர் ஆரம்பித்துப் பாதியில் விட்ட வேலையைச் செய்திருக்கிறாள். அதை முறையாக வெளியே அனுப்பிப் பார்க்க ஒரு காசு செலவில்லை. மூன்று லட்சம் செலவாகும் ஒன்றுக்குச் சரி என்றும், காசே செலவாகாத ஒன்றுக்கு வேண்டாம் என்றும் சொல்லும் வீடுகளைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

முகவர் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழில் நாவல் எழுதினால் பதிப்பகத்துக்கு நேரடியாக அனுப்பிவிடலாம். இங்கே ஆங்கில நூல் வெளியிடும் பதிப்பகங்களுக்கும் அப்படியே அனுப்பலாம். லண்டன், நியூயார்க்கின் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் முகவர் வழியாக வரும் பிரதிகளை மட்டும் பார்க்கின்றன. முகவர் பிரதியைப் படித்து, திருத்தச் சொல்லி, பதிப்பகத்தில் விற்று, ஒப்பந்தம் பேசுவார். எழுத்தாளருக்கு வரும் பணத்தில் உள்நாட்டு விற்பனைக்கு வழக்கமாக 15 விழுக்காடு, வெளிநாட்டு உரிமை, மொழிபெயர்ப்பு உரிமைக்கு 20 விழுக்காடு அவருக்குப் போகும். விற்றால்தான் அவருக்குப் பணம். அந்த முகவரைப் பிடிக்க எழுதுவதுதான் குவெரி கடிதம்.

கடிதத்துக்கு முன் பிரதி. நாவல் 1,40,000 சொற்கள் என்று மகள் பெருமையாகச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பெருமைப்பட வேண்டாம், வெட்டச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கான முதல் நாவலுக்கு 80,000 முதல் 1,00,000 சொற்கள் வரை என்றால் முகவர் தயங்காமல் கையில் எடுப்பார். அதற்கு மேலே போனால், எழுதியவருக்குத் தன் பிரதியைச் செப்பனிடத் தெரியவில்லை என்று பலர் படிக்காமலேயே முடிவு செய்துவிடுவார்கள். புனைவு என்றால் முழுப் பிரதியும் தயாராக இருந்த பிறகே கடிதம் போகவேண்டும். முகவர் “முழுவதையும் அனுப்புங்கள்” என்று கேட்கும் நாளில் “இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறேன்” என்று பதில் போட்டால் கதவு மூடிவிடும்.

அடுத்தது யாருக்கு அனுப்புவது. அவள் விரும்பிப் படித்த, ஏறக்குறைய இதே வகை நாவல்களின் கடைசிப் பக்கத்தில் நன்றியுரை இருக்கும். அதில் எழுத்தாளர்கள் தங்கள் முகவரைப் பெயர் சொல்லி நன்றி கூறியிருப்பார்கள். ஈப்போவில் துன் ரசாக் நூலகத்துக்கு ஒரு சனிக்கிழமை அழைத்துக்கொண்டு போய் உட்கார வையுங்கள். நோட்டுப் புத்தகத்தில் பெயர்கள் சேரும். பிறகு ஒவ்வொரு முகவர் நிறுவனத்தின் இணையதளத்திலும் என்ன கேட்கிறார்கள், இப்போது பிரதிகளை ஏற்கிறார்களா என்று பார்க்கவேண்டும். பிரிட்டனில் பெரும்பாலும் கடிதம், கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள். அமெரிக்காவில் பலர் கடிதத்தோடு முதல் ஐந்து அல்லது பத்துப் பக்கங்கள் போதும் என்பார்கள். கேட்டதை மட்டும் அனுப்பவேண்டும். ஒரே நிறுவனத்தில் இரண்டு முகவர்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பக்கூடாது. வெவ்வேறு நிறுவனங்களுக்கு ஒரே சமயத்தில் அனுப்புவதில் தவறில்லை.

இனி கடிதம். ஒரே பக்கம், ஏறத்தாழ 300 சொற்கள். வரன் தேடும்போது தரகரிடம் கொடுக்கும் குறிப்பில் குடும்பக் கதை முழுவதையும் எழுதமாட்டோம். பெண் பார்க்க வரத் தூண்டும் அளவுக்கு எழுதுவோம். இதுவும் அவ்வளவுதான். முகவரைப் பெயர் சொல்லி அழைக்கவேண்டும், பெயரின் எழுத்துப் பிழையில்லாமல். முதல் பத்தியில் நாவலின் தலைப்பு, வகை, சொல் எண்ணிக்கை, எந்த வாசகர்களுக்கு என்பது. கூடவே அண்மை ஐந்து ஆண்டுகளுக்குள் வந்த, இதே வாசகர்கள் விரும்பிய இரண்டு நூல்களின் பெயர். கடைகளில் மலையாகக் குவிந்து விற்கும் நூலைச் சொல்லி “அதைப் போன்றது” என்றால் அகந்தையாகத் தெரியும். ஐம்பது வருடத்துக்கு முந்திய நூலைச் சொன்னால் இன்றைய சந்தை தெரியாதவள் என்று ஆகிவிடும்.

நடுப்பகுதிதான் உயிர். எங்கள் பள்ளிக்கூடங்களில் கடிதம் எழுதக் கற்றவர்கள் இங்கேதான் வழுக்கி விழுவார்கள். “தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிக்கவும், நான் எழுதிய இந்த எளிய முயற்சி மலாயாத் தமிழரின் கண்ணீரையும் தியாகத்தையும் எடுத்துக்காட்டுகிறது” என்று தொடங்குவார்கள். கண்ணீர், தியாகம் என்ற பெரிய சொற்களில் கதை தெரியாது. உங்கள் பாட்டி, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை எதிர்த்து பிரிட்டிஷ் அரசாங்கம் 1948இல் அறிவித்த அவசரகாலத்தில், முள்வேலிக்குள் இருந்ததை வைத்து மகள் எழுதியிருக்கிறாள் என்றீர்கள். அதைக் கொண்டு, மற்றதை ஊகித்து, நான் எழுதினால் இப்படி இருக்கும். இதை அவள் ஆங்கிலத்தில் தன் குரலில் எழுதட்டும்:

“1951. சுங்கை சிப்புட்டை ஒட்டிய ரப்பர் தோட்டமொன்றின் லயங்களை அரசாங்கம் முள்வேலிக்குள் அடைக்கிறது. வேலியைத் தாண்டி ஒரு பிடி அரிசி போனாலும் குற்றம். காட்டுக்குள் போய்விட்ட அண்ணனுக்கு, பதினான்கு வயதுத் தங்கை ரப்பர் பால் வாளியின் அடியில் சோற்றை ஒளித்து எடுத்துப் போகிறாள். தோட்டத்துக் கணக்கரான கிராணி அதைப் பார்த்துவிடுகிறார். வாய் திறக்காமல் இருக்கவேண்டுமானால் அண்ணன் ஒளிந்திருக்கும் இடத்தைச் சொல்லவேண்டும் என்கிறார். சொன்னால் அண்ணன் சாவான். சொல்லாவிட்டால் தாயும் தம்பிகளும் லயத்தை விட்டுத் துரத்தப்படுவார்கள்.”

இங்கே நிறுத்திவிடவேண்டும். யார் அந்தப் பெண், அவளுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, தவறினால் என்ன இழப்பு, இவ்வளவும் வந்துவிட்டது. முடிவைக் கடிதத்தில் சொல்லக்கூடாது. தனியாகக் கேட்கப்படும் கதைச்சுருக்கத்தில் நேர்மாறு: ஒரு பக்கத்தில், கடைசி வரை, யார் இறந்தார் யார் பிழைத்தார் என்பது உட்பட ஒளிக்காமல் சொல்லவேண்டும். இந்த வேறுபாட்டை அவள் மனத்தில் பதித்துக்கொள்ளட்டும். பலர் இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள்.

கடைசிப் பத்தி தன்னைப் பற்றி, இரண்டு மூன்று வரி. எட்டு ஏ வேண்டாம். பள்ளிக் கட்டுரைப் போட்டிப் பரிசும் வேண்டாம். அவசரகாலத்துக்குக் காரணமாக அமைந்த கொலைகள் 1948 ஜூன் 16 அன்று நடந்தது சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில்தான். மூன்று ஐரோப்பியர்கள் அன்று சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அந்த ஊரில் பிறந்து, அந்த வேலிக்குள் வாழ்ந்தவரின் கொள்ளுப்பேத்தியாக வளர்ந்தவள் என்பது வேறு யாருக்கும் இல்லாத தகுதி. அதை ஒரே வரியில் சொன்னால் போதும். தமிழ்ப்பள்ளியில் படித்த பெண் ஆங்கிலத்தில் எழுதலாமா என்று உறவினர் கிண்டல் செய்கிறார்கள் என்றீர்களே, தோட்டத்துத் தமிழைக் காதில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் எழுதுபவளைத்தான் அந்த முகவர்கள் தேடுகிறார்கள். ஆங்கிலம் சரியாக வராது என்று கடிதத்தில் மன்னிப்புக் கேட்டால் மட்டும் நான் கோபப்படுவேன். கடிதத்தைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் எழுதி வாங்கினாலும் அப்படியே.

எல்லா முகவருக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடவேண்டாம். ஆறேழு பேருக்கு முதலில். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் காத்திருக்கவேண்டியிருக்கும். பலர் பதிலே போடமாட்டார்கள், அதுவும் மறுப்புத்தான். ஒருவர்கூட முழுப் பிரதியைக் கேட்கவில்லை என்றால் கோளாறு கடிதத்திலோ முதல் பக்கங்களிலோ இருக்கிறது; திருத்தி அடுத்த சுற்று அனுப்பலாம். கேட்டு வாங்கிப் படித்துவிட்டு மறுக்கிறார்கள் என்றால் நாவலைத் திருத்தவேண்டும். யாராவது காரணம் எழுதி மறுத்தால் அந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், அது எல்லாருக்கும் கிடைப்பதில்லை. மறுப்பு வந்த நாளில் “நான் அப்போதே சொன்னேன்” என்று வீட்டில் யாரும் பேசக்கூடாது. இது உங்களுக்கு நான் வைக்கும் நிபந்தனை.

பணம் பற்றி நீங்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு. பிரதியைப் படிக்கக் கட்டணம், பதிவுக் கட்டணம், திருத்தக் கட்டணம் என்று முன்கூட்டியே எதைக் கேட்டாலும் அவர் முகவர் அல்லர். பிரிட்டன், அமெரிக்கா இரு நாட்டு முகவர் சங்கங்களும் படிக்கக் கட்டணம் வாங்குவதைத் தங்கள் உறுப்பினர்களுக்குத் தடை செய்திருக்கின்றன. “உங்கள் நாவலைப் பற்றிக் கேள்விப்பட்டோம், உடனே வெளியிடுகிறோம்” என்று தானாக வரும் மின்னஞ்சலை நம்பவேண்டாம். பெரிய நிறுவனங்களின் பெயரில் ஏமாற்றுக்காரர்கள் எழுதுவது உண்டு. நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள முகவரிக்குத் தனியாக எழுதிச் சரிபார்க்கவேண்டும். காசு வாங்கிக்கொண்டு புத்தகம் அச்சடித்துக் கொடுப்பவர்களிடமும் போகவேண்டாம். ஒரு வெள்ளிகூட வேண்டாம், பத்து வெள்ளி தானே என்று தொடங்கவும் வேண்டாம்.

ஒருவேளை முகவர் ஒருவர் ஒப்புக்கொண்டால், உடனே கையெழுத்துப் போடவேண்டாம். பிரதி கையில் இருக்கும் மற்ற முகவர்களுக்குச் செய்தி சொல்லி ஒன்றிரண்டு வாரம் அவகாசம் கேட்பது வழக்கம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். என்ன திருத்தம் எதிர்பார்க்கிறார், எந்தப் பதிப்பகங்களுக்கு அனுப்பப்போகிறார், பிரிந்துபோகவேண்டுமானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று கேட்கட்டும். நம் நாட்டில் பதினெட்டு வயது முடிந்தவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம். உங்கள் மகளுக்கு வரும் ஆகஸ்டில்தான் பதினெட்டு முடிகிறது. அதற்குமுன் எதிலும் அவள் பெயர் ஏறக்கூடாது.

கல்லூரியில் இடத்தை உறுதி செய்ய முன்பணம் கட்டச் சொல்லி அண்ணன் இந்த வாரம் மறுபடி அழைப்பார். கட்டாதீர்கள். ஆறாம் படிவத்துக்கு எந்தப் பள்ளி கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள். மகளுக்கு விருப்பம் இருந்தால், கடிதத்தின் முதல் வரைவை அவளே எனக்கு அனுப்பட்டும்; நீங்கள் திறந்து படிக்காமல் அனுப்பினால் நல்லது. படித்துப் பார்க்க நானும் கட்டணம் வாங்குவதில்லை.