அறுபது அடி என்றால் பாதி அணையா? – ஆற்று நீர் கேள்வி-பதில்

டெல்டாவில் பிரிவு அலுவலராக வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் கேள்விகள் மட்டும் ஓய்வு பெறவில்லை. கல்யாணப் பந்தியில் இலை போடும்போதே பக்கத்து நாற்காலிக்காரர், “சார், மேட்டூர் இப்ப எத்தனை அடி?” என்று ஆரம்பித்துவிடுவார். இந்தத் தடவை வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி. அறுபது அடி இருக்கிறது என்றால் பாதி அணை நிரம்பியிருக்கிறது என்றுதானே அர்த்தம்? – ஒரு வாசகர், குடவாசல்

இல்லை. கால்வாசியை விடக் கொஞ்சம்தான் கூடுதல். அணையைத் தண்ணீர்த் தொட்டி மாதிரி நினைப்பதால் வரும் குழப்பம் இது. மலைகளுக்கு இடையில் கிடக்கும் பள்ளத்தாக்கு அது. அடியில் குறுகல், மேலே போகப் போக அகலம். வீட்டில் எண்ணெய் ஊற்றும் புனலை நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி (தேங்கிய தண்ணீரை அளக்கும் அலகு, விளக்கம் அடுத்த பதிலில்). நூறு அடியில் சுமார் 65 டிஎம்சி இருக்கும், அறுபது அடியில் சுமார் 25தான். ஆகவே கடைசி இருபது அடி மட்டும் இருபத்தெட்டு டிஎம்சிக்கு மேல் பிடிக்கும். நூறிலிருந்து நூற்றிருபதுக்கு ஏற நாளாகிறதே என்று அலுத்துக்கொள்ள வேண்டாம், அங்கேதான் சரக்கு சேருகிறது.

செய்தியில் “எத்தனை அடி” என்று மட்டும் சொன்னால் பாதிச் செய்திதான். “எத்தனை டிஎம்சி” என்று கேளுங்கள்.

கனஅடி, டிஎம்சி என்கிறார்களே, சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா? – கல்லூரி மாணவி, கரூர்

“விநாடிக்கு இத்தனை கனஅடி” என்பது ஓடும் வேகத்துக்கான கணக்கு, டிஎம்சி என்பது சேர்ந்து நிற்கும் அளவுக்கான கணக்கு. ஒன்று சம்பளம் மாதிரி, மற்றது பேங்க் இருப்பு மாதிரி. ஒரு கனஅடி என்பது 28.3 லிட்டர். விநாடிக்கு ஒரு கனஅடி வீதம் வந்தால் 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஏழு நிமிடத்தில் நிரம்பும். விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடி என்றால் ஒரே விநாடியில் அந்த மாதிரி இருநூறு லாரிக்கு மேல்.

டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி. விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு பகல், ஓர் இரவு முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. அதை வயலில் ஓரடி உயரத்துக்கு நிறுத்தினால் சுமார் 23,000 ஏக்கர் கொள்ளும். “அணையிலிருந்து 10,000 கனஅடி திறப்பு” என்று எழுதும்போது “விநாடிக்கு” என்ற சொல்லை விட்டுவிடுகிறார்கள். பத்தாயிரம் கனஅடி மட்டும் என்றால் ஒரு விநாடியில் தீர்ந்துபோகும் சமாச்சாரம் அது.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாச்சு என்று டிவியில் காட்டுகிறார்கள். எங்கள் வாய்க்காலில் இன்னும் தூசிதான் பறக்கிறது. நடுவில் யார் எடுக்கிறார்கள்? – விவசாயி, வேதாரண்யம் பக்கம்

ஐயா, முதலில் எடுப்பது மணல். காய்ந்து கிடக்கும் ஆற்றுப்படுகை, கோடை முழுக்க வாய் திறந்து காத்திருக்கும். அது குடித்து முடித்த பிறகுதான் தண்ணீர் நகரும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று, நான்கு நாள் ஆகும். அதனால்தான் கல்லணைத் திறப்பு 15, 16 தேதிகளில் நடக்கிறது.

புதுத் தண்ணீரின் முகத்தை நேரில் பார்த்திருக்கிறீர்களா? ஒரு வருடம் நானும் எங்கள் லஸ்கரும் (மதகு, வாய்க்கால்களைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்) வெண்ணாற்றுக் கரையில் அதோடு கூடவே நடந்தோம். ஆமாம், நடந்தோம். ஓட வேண்டிய அவசியமே இல்லை. முன்னால் சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு, மணலுக்குள் புஸ்ஸென்று காற்றை வெளியேற்றிக்கொண்டு, பள்ளத்தைக் கண்டால் நின்று நிரப்பிவிட்டு அது வரும். பெண்கள் பூவும் நெல்லும் தூவினார்கள். எனக்கு டியூட்டி என்பதே மறந்துபோனது.

அதற்கப்புறம் கிளையாறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று பிரிந்து பிரிந்து வர வேண்டும். பிரியும் ஒவ்வொரு இடத்திலும் மட்டம் ஏறினால்தான் அடுத்ததற்குப் பாயும். உங்களுடையது கடைமடை. வாய்க்கால் தூர்ந்து கிடந்தாலும், மேல்மடைக்காரர் முறை மீறினாலும், அடி உங்களுக்குத்தான். “யார் எடுக்கிறார்கள்” என்ற உங்கள் சந்தேகம் முழுக்கத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் பத்து நாளைக்கு மணல் மேல் பழி போடுங்கள், அதன் பிறகு மனிதர் மேல் போடலாம்.

பூம்புகார் போயிருந்தோம். காவிரி சங்கமம் என்று காட்டிய இடத்தில் ஒரு வாய்க்கால்தான் இருந்தது. திருச்சியில் அவ்வளவு அகலமாக இருந்த ஆறு எங்கே போனது? – வாசகி, கோயம்புத்தூர்

எல்லா ஆறும் கடலை நெருங்க நெருங்கப் பெருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். மலையிலிருந்து சமவெளி வரை அது சரி: பவானி சேரும், நொய்யல் சேரும், அமராவதி சேரும். டெல்டாவில் கணக்குத் தலைகீழ். அங்கே ஆறு வாங்குவதில்லை, கொடுக்கிறது.

முக்கொம்பில் முதல் பங்கு. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம். கல்லணையில் அடுத்த பங்கு: காவிரி, வெண்ணாறு, 1934-ல் மேட்டூர்த் திட்டத்தோடு வந்த கல்லணைக் கால்வாய். எங்கள் பக்கம் அதைப் புதாறு என்பார்கள். மிச்சம் கொள்ளிடத்துக்கு. பிறகு காவிரியிலிருந்து குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று பிரிகின்றன. வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு. பூம்புகாரில் நீங்கள் பார்த்தது சொத்தையெல்லாம் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கடைசியில் ஒரு துண்டோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவை.

இதில் கொள்ளிடத்தின் கதை தனி. அதன் படுகை காவிரியை விடத் தாழ்வு, சரிவும் அதிகம், ஓட்டமும் நேர். இப்படி ஒரு வழி பக்கத்தில் இருந்தால் தண்ணீர் எதைத் தேர்ந்தெடுக்கும்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரி மணலேறிக்கொண்டே போக, தண்ணீர் கொள்ளிடத்தில் ஓட, தஞ்சாவூர் வயல்கள் காய ஆரம்பித்தன. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டினார். விளைவு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. காவிரிக்குள் தண்ணீர் அதிகமாகப் பாய்ந்து படுகையை அரிக்கத் தொடங்க, அதைத் தடுக்க அடுத்த ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. ஆற்றில் ஓரிடத்தில் கை வைத்தால் இன்னோர் இடத்தில் பதில் சொல்லும் என்பதை எங்கள் துறை இப்படித்தான் படித்தது.

கல்லணை கட்டியவர்களுக்கு அது முன்னாலேயே தெரிந்திருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். தோண்டத் தோண்ட மணல் வரும் ஆற்றில் அஸ்திவாரம் எங்கே போடுவது? பெரிய கற்களைப் போட்டார்கள். கல் மணலுக்குள் இறங்கியது. அதன்மேல் இன்னும் கல். இறங்குவது நிற்கும்வரை கல். அந்த முறையைப் பார்த்துக் கற்றுக்கொண்ட காட்டன்தான் பிறகு கோதாவரியில் தவளேஸ்வரம் அணையை 1852-ல் முடித்தார்.

இன்றைக்குக் கொள்ளிடம்தான் வெள்ள வடிகால். டெல்டாவைக் காப்பாற்றுவது அந்த அகலமான, வருடத்தில் பல மாதம் வெறும் மணலாகக் கிடக்கும் ஆறு. அதைச் சும்மா கிடக்கும் இடம் என்று நினைத்து ஆக்கிரமிப்பவர்களுக்கு ஒரு ஆகஸ்ட் மாதம் போதும்.

ஆற்றின் இடது கரை, வலது கரை என்பது எந்தப் பக்கமிருந்து பார்த்து? – பள்ளி ஆசிரியர், முசிறி

தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நில்லுங்கள். உங்கள் இடது கை இடது கரை. மலைக்கோட்டை காவிரியின் வலது கரையில், ஸ்ரீரங்கம் இடது கரையில். அதே ஸ்ரீரங்கம் கொள்ளிடத்துக்கு வலது கரை. பிள்ளைகளுக்குக் கணக்குப் போடக் கொடுங்கள்.

ஒவ்வொரு வெள்ளத்திலும் இவ்வளவு தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறதே, தடுக்க மாட்டீர்களா? – ஏழெட்டுப் பேர், பல ஊர்களிலிருந்து

முதலில் கணக்கு. 2018, 2022 ஆகஸ்ட் மாதங்களில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கனஅடியை ஒட்டித் திறக்க வேண்டியிருந்தது. அந்த வேகத்தில் ஒரு நாளைக்கு 17 டிஎம்சிக்கு மேல் வரும். அதைப் பிடிக்க ஐந்தரை நாளைக்கு ஒரு புது மேட்டூர் அணை வேண்டும். சமவெளியில் அப்படி ஒரு பள்ளத்தாக்கு எங்கே இருக்கிறது? ஏரி, குளங்களைத் தூர்வாரி வைத்திருந்தால் ஒரு பகுதியைப் பிடிக்கலாம். அதைச் செய்யவில்லை என்று திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

அடுத்தது, அந்த “வீணாக” என்ற சொல். கடலோரக் கிணறு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். பூமிக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. உப்புத் தண்ணீர் கொஞ்சம்தான் கனம் கூடுதல் என்பதால் கணக்கு விசித்திரமாக வரும்: கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறும். சீர்காழி, நாகப்பட்டினம் பக்கம் போர் போட்டவர்களைக் கேளுங்கள். ஆறு கடல்வரை ஓடுவது அந்த ஓரடியைக் காப்பாற்றத்தான்.

கடற்கரை மணலில் பெரும்பங்கு ஆறு கொண்டுவந்து போட்டது. அது வராவிட்டால் அலை கரையைத் தின்னும். பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளுக்கு நல்ல தண்ணீர் வந்து கலக்க வேண்டும். அந்தக் கலங்கல் தண்ணீரில்தான் இறால் குஞ்சு வளர்கிறது. மீனவரிடம் போய்த் தண்ணீர் வீண் என்று சொல்லிப் பாருங்கள்.

பாலாறு செத்துப்போன ஆறு என்கிறார்கள். ஆனால் மணலைத் தோண்டினால் தண்ணீர் வருகிறது. எது உண்மை? – வாசகர், செங்கல்பட்டு

இரண்டுமே. மேலே ஓடவில்லை, கீழே இருக்கிறது. மணல் ஒரு சேமிப்புக் கிடங்கு. நனைந்து நிறைந்த மூன்றடி மணலில் ஏறக்குறைய ஓரடித் தண்ணீர் தங்கும். திறந்த ஏரியில் வருடத்துக்கு ஏறத்தாழ ஆளுயரத் தண்ணீர் வெயிலில் ஆவியாகிப் போகும். மணலில் இரண்டடிக்குக் கீழே போய்விட்டால் வெயில் அதைத் தொடுவது அரிது. உங்கள் பக்கத்துப் பெரியவர்கள் படுகையில் ஊற்றுக்கால் வெட்டி, மோட்டார் இல்லாமலே அதை வயலுக்குக் கொண்டுபோனார்கள். ஆகவே பாலாற்றில் மணல் அள்ளியவர்கள் எடுத்தது மணலை மட்டுமல்ல, கிடங்கையே. படுகை தாழ்ந்ததும் வாய்க்காலின் தலை அந்தரத்தில் நிற்கிறது, தண்ணீர் வந்தாலும் ஏறாது.

செத்தது என்று நம்பி அதன் மடியில் வீடு கட்டவும் வேண்டாம். 1903 நவம்பரில் இதே ஆறு வாணியம்பாடியை மூழ்கடித்தது, 2021 நவம்பரிலும் கரை தொட்டு ஓடியது.

எங்கள் ஊரில் கண்மாய், மாமனார் ஊரில் ஏரி, நண்பர் ஊரில் குளம். வித்தியாசம் உண்டா? – வாசகர், மானாமதுரை

ஊர்ப் பேச்சுதான் வித்தியாசம். பாசனத்துக்குக் கரை போட்டுத் தண்ணீர் தேக்கினால் வடக்கே ஏரி, மதுரை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய், திருநெல்வேலியில் குளம். சின்னது தாங்கல், ஏந்தல். ஊருணி மட்டும் வேறு, அது குடிக்க. எல்லாவற்றிலும் உறுப்புகள் ஒன்றே: வரத்துக்கால், கரை, மடை, மிஞ்சியதை வெளியேற்றும் கலிங்கு. இரண்டு ஊருக்குச் சண்டை வருவது பெரும்பாலும் கலிங்கில்தான். ராத்திரியில் மணல் மூட்டை அடுக்கி அரையடி உயர்த்திவிடுவார்கள். விடிந்தால் மேல்புறத்து வயல் மூழ்கியிருக்கும், கீழ்க் கண்மாய் காய்ந்திருக்கும்.

உங்கள் வைகையே இந்த ஏற்பாட்டின் பெரிய உதாரணம். கடல் சிவனுக்கு நஞ்சு கொடுத்த கோபத்தில் வைகை கடலில் சேர மறுக்கிறது என்று புலவர் பாடி வைத்திருக்கிறார். உண்மைக் காரணம், வழியிலுள்ள கண்மாய்கள் வாங்கிக்கொண்டு, மிச்சம் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் முடிவதுதான். அதுவும் நிரம்பினால் கடலுக்குப் போகும். கோபமும் அதுவரைதான் போலிருக்கிறது.

ஆற்றில் நுரை மிதந்தால் மாசு என்று அர்த்தமா? – வாசகி, கிருஷ்ணகிரி

எப்போதும் அல்ல. முதல் வெள்ளத்தில் இலை, தழை அழுகிய சாறு கலந்து நுரைக்கும். பழுப்பு நிறம், மண் வாசனை, கையால் தொட்டால் உடையும், இரண்டொரு நாளில் போய்விடும். வெள்ளை வெளேரென்று மலைபோல் எழும்பி, சோப்பு நாற்றத்தோடு நாள்கணக்கில் நின்றால் அது கழிவு. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை பொங்குவது இந்த இரண்டாம் ரகம். பெங்களூரின் கழிவு வருகிறது. அதில் கால் வைக்காதீர்கள்.

தடுப்பணையில் இடுப்பளவுத் தண்ணீர்தான். நீச்சல் தெரிந்த பையன்களே மூழ்கிவிடுகிறார்கள். எப்படி? – ஒரு தாய், நாமக்கல் மாவட்டம்

தடுப்பணையைத் தாண்டி விழும் தண்ணீர் நேராக முன்னால் போய்விடுவதில்லை. அடிக்குப் போய், சற்றுத் தள்ளி மேலே எழுந்து, மேல்பக்கமாக மறுபடியும் அணையை நோக்கியே திரும்புகிறது. உருளை மாதிரி சுற்றும் அதற்குள் சிக்கியவர் நீந்த நீந்த அணைக்கே இழுபடுவார். குமிழி நிறைந்த தண்ணீர் உடம்பைத் தாங்காது. கீழே சிமெண்ட் தளத்தில் பாசி, கால் நிற்காது. சிக்கிக்கொண்டால் மேலே நீந்தாமல், மூச்சைப் பிடித்து அடியோட்டத்தோடு ஆறு ஓடும் திசையில் விலகிப் போவதுதான் ஒரே வழி என்பார்கள். அந்த நேரத்தில் அது எத்தனை பேருக்குத் தோன்றும்? அணைக்குக் கீழே குளிக்கவே விடாதீர்கள்.

ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் ஆழம் என்று இறங்குபவர்கள் ஆழத்தைப் பார்க்கிறார்கள், வேகத்தைப் பார்ப்பதில்லை. பழைய மணல் குழி இருந்தால் அடுத்த அடி தலைக்கு மேல்.

யாராவது மூழ்கினால் பின்னாலேயே குதிக்க வேண்டாம். ஒருவர் இருவராவது பெரும்பாலும் அப்படித்தான். மூங்கில், கயிறு, முடிச்சுப் போட்ட இரண்டு புடவை, லாரி ட்யூப், எது கிடைத்தாலும் கரையில் நின்றே வீசுங்கள். காலிப் பிளாஸ்டிக் குடத்தின் வாயை இறுகக் கட்டி, கழுத்தில் கயிறு போட்டு எறிந்தால் ஓர் ஆளைத் தாங்கும்.