உப்பு குடித்த கண்டன்சர்

அன்புள்ள ஐயா,

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். தாத்தாவின் மைக்செட் வால்வு ஆம்ப்ளிபயர் வீட்டில் ஓடாமல் கிடக்கிறது. இணையத்தில் கிடைத்த சர்க்யூட் படத்தின் மதிப்புகளை வைத்து, வேவ் டிஜிட்டல் ஃபில்டர் முறையில் (ஒவ்வொரு பாகத்தையும் அலை வாங்கித் திருப்பும் கணக்காக எழுதுவது) அதைக் கணினியில் உருவாக்கினேன். சத்தம் சுத்தமாக வருகிறது. ஆனால் "திருவிழாவில் கேட்ட சத்தம் இது இல்லை" என்கிறார் அம்மா. இரண்டு வால்வுகளைச் சேர்த்தால் கணக்கும் சிக்குகிறது. நியூரல் நெட்வொர்க்குக்கு மாறிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள தம்பி,

நியூரல் நெட்வொர்க்குக்குச் சொல்லிக்கொடுக்க அந்தப் பெட்டியின் சத்தம் வேண்டும். ஓடாத பெட்டியிடம் எதைப் பதிவுசெய்வீர்கள்? இரண்டு வால்வுச் சிக்கலுக்கு ஆய்வாளர் கர்ட் வெர்னரும் கூட்டாளிகளும் 2015-இல் எழுதிய கட்டுரைகள் இருக்கின்றன, படித்துக்கொள்ளுங்கள்.

பொறியாளர் ஆல்ஃபிரட் ஃபெட்வைஸ் 1970 வாக்கில் உங்கள் வேவ் டிஜிட்டல் முறையைக் கொண்டுவந்தது ஆம்ப்ளிபயருக்காக அல்ல, வேண்டாத அலைவரிசைகளை வடிகட்டும் ஃபில்டர்களுக்காக. அதைப் புரிந்துகொள்ள பாம்பன்காரருக்குப் புத்தகமே வேண்டாம். தூண்டில் வளைவுக் கல்லில் மோதிய அலை திரும்பி வரும். சரிவான மணலில் ஏறிய அலை அங்கேயே அடங்கிவிடும். தடை பொருந்திய ரெசிஸ்டர் அந்த மணல். கண்டன்சர், வந்த அலையை ஒரு சாம்பிள் நேரம் (கணினி சத்தத்தை அளக்கும் இரண்டு அளவுக்கு நடுவே உள்ள இடைவெளி) பிடித்துவைத்து அப்படியே திருப்பும். காயில், அதாவது கம்பிச்சுருள், தலைகீழாக்கித் திருப்பும். அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். பெட்டி வீட்டிலேயே கிடக்க, மதிப்புகளை இணையத்திலிருந்தா எடுப்பது? மூடியையாவது கழற்றிப் பார்த்தீர்களா?

என் மாமா தேவிபட்டினத்தில் மைக்செட் வைத்திருந்தார். குழாயைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பின்னால் ஓடுவது என் வேலை. சாயங்காலம் கணீரென்று தொடங்கும் பாட்டு, பத்து மணிக்கு மேல் கம்மிப்போகும். கூட்டம் பாடகருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். ரிக்கார்டில் பாடுகிறவருக்கு ஏது தொண்டைக்கட்டு! "கண்டன்சர் உப்பு குடிச்சிருச்சுடா" என்பார் மாமா. மாற்ற மதுரைக்குப் போகவேண்டும், போக்குவரத்துக்கே காசு இராது. மூன்று திருவிழா அதே கண்டன்சரோடு ஓடியது.

ஒரு வால்விலிருந்து அடுத்ததற்குப் பாட்டை மட்டும் கடத்தி, டிசியை (ஒரே திசை மின்சாரத்தை) தடுப்பது நடுவில் இருக்கும் கண்டன்சரின் வேலை. பழைய காகிதக் கண்டன்சர் ஈரத்தை இழுத்தால் கசியும். முதல் வால்வின் பிளேட்டில் (வெளியீட்டு முனையில்) 150 வோல்ட், கசிவின் தடை 10 மெகாஓம், அடுத்த வால்வின் கிரிட்டில் (உள்ளீட்டு முனையில்) உள்ள ரெசிஸ்டர் 470 கிலோஓம் என்று வையுங்கள். கிரிட்டுக்கு வரவே கூடாத டிசி, கிட்டத்தட்ட 6.7 வோல்ட், ஏறி உட்கார்ந்துகொள்ளும். வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்துச் சூடாகும், குரல் நசுங்கும். உங்கள் அம்மா கேட்டு வளர்ந்தது அந்த நசுங்கிய குரலாக இருக்கலாம். சர்க்யூட் படம் போட்டவனுக்கு இராமநாதபுரத்து உப்புக்காற்றைப் பற்றி என்ன தெரியும்?

இதற்காகவே உங்கள் முறையை விடவேண்டாம் என்கிறேன். இதில் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக நிற்கிறது. அந்தக் கண்டன்சருக்கு இணையாக ஒரு ரெசிஸ்டரை, ஒரு பேரலல் அடாப்டர் (பாகங்களை இணையாக இணைக்கும் கணக்கு) வழியாகச் சேருங்கள். கசிவு வந்துவிடும். அதன் மதிப்பை 50 மெகாஓமிலிருந்து மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள், அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து. அவர் "ஆங், இதுதான்" என்னும் இடத்தில் நிறுத்துங்கள்.

பெட்டியையும் திறந்து அளந்து பாருங்கள், ஆனால் தனியாக வேண்டாம். பழைய ரேடியோ மெக்கானிக் யாரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் பவர் சப்ளைக் கண்டன்சர் அடிக்கும். மாமாவின் பெட்டியில் எனக்கு ஒருமுறை அடித்தது. அவர் முதலில் என்னை ஒரு அறை விட்டார், பிறகுதான் சோடா வாங்கிக்கொடுத்தார்.