குறை சொல்ல நாலு விகுதியா?

கேள்வி: ஜப்பானிய மொழித் தேர்வில் 'என்1' (N1) என்ற உச்ச நிலைக்குப் படிக்கிறேன். 'கச்சி', 'கிமி', 'ப்பொய்', 'கிரை க அரு' என்ற நாலுக்கும் என் நோட்டில் 'இப்படி ஆகும் போக்கு' என்ற ஒரே அர்த்தம்தான் இருக்கிறது. குறை சொல்ல இத்தனை எதற்கு? எங்கள் மேலாளர் யார் பேச்சையும் கேட்கமாட்டார் என்பதை எதில் எழுதினால் என்ன?
- ஒரு வாசகர், கோவை

பதில்: கோளாறு ஜப்பானிய மொழியில் இல்லை, உங்கள் நோட்டில்.

'அவர் அடிக்கடி சீக்கில் படுப்பவர்', 'எனக்குச் சளி பிடிக்கிற மாதிரி இருக்கிறது' இரண்டும் தமிழில் ஒன்றா? முதலாவது 'பியோக்கி-கச்சி'. அடுத்தது 'கஜெ-கிமி'. கிமி இன்றைக்கு லேசாகத் தலைகாட்டும் அறிகுறி, அவ்வளவுதான். கச்சி திரும்பத் திரும்ப நடப்பது. ஜெயிப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்த சொல் அது. எது மிஞ்சி நிற்கிறதோ அது கச்சி. பெரும்பாலும் மூட்டமாக இருக்கும் வானத்தையும் 'குமொரி-கச்சி' என்பார்கள்.

'ப்பொய்' ஆளின் குணத்திலேயே கைவைக்கும். வேலை நெருக்கடியில் சாவியை அங்கங்கே மறந்து வைப்பவர் 'வசுரெ-கச்சி'. மறதியே சுபாவம் என்றால் 'வசுரெப்பொய்'. முன்கோபி 'ஒகொரிப்பொய்'. (தண்ணியாக இருக்கும் காபியும் 'மிஜுப்பொய்'தான். அங்கே குணம் காபிக்கு.)

சரி, உங்கள் என்1 சமாச்சாரமான 'கிரை க அரு'வுக்கு வருவோம். 'மீன் பிடிக்காது' என்று சொல்ல முதல் சில மாதங்களிலேயே படித்திருப்பீர்களே, அதே 'கிரை'தான் இது. பிடிக்காதது என்ற வாடை இதில் ஒட்டிக்கொண்டே இருப்பதால் நல்ல பழக்கத்துக்கு இதைப் போட முடியாது. மழைக்கும் மேகத்துக்கும்கூடச் சேராது. மனிதர்களின் போக்கை வெளியே நின்று எடைபோடும் எழுத்துநடை இது. 'யார் பேச்சையும் கேட்கமாட்டார்' என்று போட்டு உடைக்காமல், 'பிறர் சொல்வதைச் செவிமடுக்காத தன்மை அவரிடம் சற்று உண்டு' என்று ஒரு விமர்சகர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தபடி எழுதுவாரே, அந்தத் தொனி. கேட்க மென்மை, உள்ளே தீர்ப்பு.

ஆக, உங்கள் மேலாளருக்குக் 'கிரை க அரு' கச்சிதமாகப் பொருந்துகிறது. தேர்வுக்குப் பயிற்சியாகத் தாராளமாக எழுதுங்கள். அவருக்கே மின்னஞ்சலில் அனுப்பும் உத்தேசம் இருந்தால், வேறு வேலை கிடைத்த அப்புறம் அனுப்புங்கள்.