கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் 3,000-க்கும் மேற்பட்ட சூனியப் புத்தகங்கள் இருக்கின்றனவாமே? அவற்றைப் படித்தால் செய்வினை வைக்க முடியுமா?
- வாசகர், தேனி

கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சொல்கிறீர்கள். நியூயார்க் மாநிலத்தில் இதாகா என்ற ஊரில் இருக்கிறது. உங்களுக்கு ஆகாத பங்காளி யாராவது இருந்தால் அவர் நிம்மதியாகத் தூங்கலாம். எலுமிச்சம்பழம், முட்டை சமாசாரமெல்லாம் தேடினால் ஏமாந்துபோவீர்கள். அந்தக் கால ஐரோப்பாவில் சூனியக்காரி என்று ஒருத்தியைப் பிடித்துவந்தால் என்னென்ன கேட்பது, எப்படி வதைத்து ஒப்புக்கொள்ள வைப்பது என்று பாதிரிமார்களும் சட்டம் படித்தவர்களும் எழுதியவைதான் அங்கே பிரபலம். மந்திரவாதி எழுதியதைவிட, மந்திரவாதியைப் பிடிக்கப் போனவர்கள் எழுதியதுதான் அதிகம். என்னைக் கேட்டால், பயப்பட வேண்டியதும் அவர்களைப் பார்த்துத்தான்.

சேர்த்தவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் ஆண்ட்ரூ டிக்சன் வைட். சரித்திரப் பேராசிரியர். 1880-களில் தன் நூலகர் ஜார்ஜ் லிங்கன் பர் துணையோடு ஐரோப்பாவிலிருந்து வாங்கிக் குவித்தார்.

அதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு கையெழுத்துப் பிரதி. ஜெர்மனியின் ட்ரியர் நகரில் டீட்ரிக் ஃப்ளாடே என்று ஒரு நீதிபதி. பணக்காரர், பல்கலைக்கழகத் தலைவராகவும் இருந்தவர். சூனிய வழக்கில் சித்திரவதைக்கு ஆளானவர்கள் 'கூட்டாளி யார்?' என்ற கேள்விக்கு அவர் பெயரையும் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், நீதிபதியே கைதி. வதைத்ததும் அவரும் ஒப்புக்கொண்டார். 1589-ல் மரண தண்டனை. அவரிடம் கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும் எழுதப்பட்ட விசாரணைக் குறிப்புதான் இதாகாவில் இருக்கிறது.

கேள்வி: அந்தக் காலத்தில் இந்தச் சூனிய வழக்குகளை எதிர்த்து ஒருவர்கூட எழுதவில்லையா?
- வாசகி, கும்பகோணம்

ஏன் இல்லை? யோஹான் வையர் என்ற மருத்துவர் 1563-லேயே எழுதினார். ஃப்ரீட்ரிக் ஷ்பே என்ற இயேசு சபைப் பாதிரியார் 1631-ல் புத்தகம் போட்டார், பெயர் போடாமல்தான். போட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா!

அதே ட்ரியரில் கொர்னேலியஸ் லூஸ் என்று ஒரு பாதிரியார். இந்த வழக்குகள் மனித ரத்தத்திலிருந்து பொன்னும் வெள்ளியும் எடுக்கும் புது ரசவாதம் என்றார். தண்டிக்கப்பட்டவர்களின் சொத்து யார் கைக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர் போலிருக்கிறது. புத்தகம் கொலோன் நகரில் அச்சாகும்போதே பறிமுதல். ஆளைப் பிடித்து, 'நான் சொன்னதெல்லாம் தப்பு' என்று மண்டியிட்டுச் சொல்ல வைத்தார்கள். 1595-ல் இறந்துபோனார். புத்தகம் அழிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1886-ல் ட்ரியர் நூலகத்தில் அதன் கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்தவர், மேலே சொன்ன அதே பர்.