பிடிஎஃபில் கோடு போட எந்த மென்பொருள்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வுக்கான கட்டுரைகளைக் கணினியிலேயே படித்து, மஞ்சள் கோடு போட்டு, ஓரக்குறிப்பும் எழுதி வைத்திருக்கிறேன். அந்த பிடிஎஃபை நெறியாளருக்கு அனுப்பினால், "ஒரு கோடும் இல்லையேம்மா" என்கிறார். எந்த மென்பொருளுக்கு மாறலாம்?

மாறுவது இருக்கட்டும். இப்போது இருக்கும் மென்பொருள் கோட்டை எங்கே எழுதி வைக்கிறது என்று முதலில் பாருங்கள். உங்கள் குறிப்புகள் தொலையவில்லை. அவை மென்பொருளின் சொந்தத் தரவுத்தளத்தில் இருக்கின்றன, கோப்புக்குள் இல்லை.

பிடிஎஃப் வடிவத்திலேயே குறிப்புகளுக்கென்று இடம் உண்டு. 2008-இல் ஐஎஸ்ஓ 32000 என்று பொதுத்தரமான அந்த வடிவத்தில், ஒவ்வொரு கோடும் பக்கத்தின்மேல் தனிப்பொருளாக உட்காரும். எந்த வரி, நான்கு மூலைகள் எங்கே, என்ன நிறம் என்பதெல்லாம் அதில் பதிவாகும். அடியில் இருக்கும் வாசகத்தை அது தொடாது. அக்ரோபாட் ரீடர், பாக்ஸிட், பிடிஎஃப் எக்ஸ்சேஞ்ச் எடிட்டர், மேக்கின் பிரிவியூ, லினக்ஸ்காரர்களின் ஓகுலார் ஆகியவை சேமிக்கும்போது இந்த முறையில்தான் எழுதுகின்றன. ஒன்றில் போட்ட கோட்டை இன்னொன்றில் திறந்து அழிக்கலாம், திருத்தலாம்.

ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் சேர்த்து நிர்வகிக்கும் ஸோட்டேரோவின் வழி வேறு. 2022-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து அதற்குள்ளேயே பிடிஎஃப் வாசிப்பான் இருக்கிறது. ஆனால் கோடுகள் அதன் தரவுத்தளத்துக்குப் போகும். இதைக் குறையென்று சொல்லிவிட முடியாது. ஒரு கோடு போட்டதற்காக முழுக்கோப்பையும் மறுபடி இணையத்தில் ஏற்ற வேண்டியதில்லை. கோடு போட்ட பகுதிகளைக் குறிப்பேட்டுக்கு இழுத்தால் மேற்கோளும் பக்க எண்ணும் கூடவே வரும். அந்த எண்ணைச் சொடுக்கினால் மூலப்பக்கம் திறக்கும். நூற்றுக்கணக்கான கட்டுரைகளை வைத்து ஆய்வேடு எழுதுகிறவருக்கு இதைவிட உதவியான வசதி குறைவு. நெறியாளருக்கு அனுப்பும்போது மட்டும், வாசிப்பானில் ஃபைல் மெனுவின் 'சேவ் ஆஸ்' வழியாக நகல் எடுங்கள். கோடுகள் அந்த நகலுக்குள் எழுதப்பட்டிருக்கும்.

எந்த மென்பொருளையும் நம்புவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. ஏதாவது ஒரு பிடிஎஃபை நகலெடுத்து, ஒரு வரியில் மஞ்சள் கோடு, ஓர் ஓரக்குறிப்பு (தமிழிலேயே தட்டச்சு செய்யுங்கள்), கையால் ஒரு வட்டம் போட்டுச் சேமித்து மூடுங்கள். அதை வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். மூன்றும் தெரிந்தால் மட்டும் போதாது. கோட்டைத் தேர்ந்தெடுத்து அழிக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் அது பக்கத்தோடு ஒட்டிப் படமாகிவிட்டது, இனிப் பிரிக்க முடியாது. 'பிரிண்ட் டு பிடிஎஃப்' கொடுத்து அனுப்புகிறவர்களுக்கு இதுதான் நடக்கும். மூடியிருந்த ஓரக்குறிப்பின் வாசகமும் அதில் காணாமல் போய்விடும்.

பிரிவியூவில் ஓர் எச்சரிக்கை: கேட்காமலே மூலக்கோப்பில் சேமித்துவிடும். நகலெடுத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி: ஒரு தமிழ்ப் புத்தகத்தில் கோடு போட்ட வரிகளைப் பட்டியலாக எடுத்தேன். எல்லாம் குப்பையாக வருகிறது. மென்பொருள் கோளாறா?

கோளாறு கோப்பில். ஒரு வரியை நகலெடுத்து வெறும் உரைக்கோப்பில் ஒட்டிப் பாருங்கள், நோய் தெரிந்துவிடும்.

ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியுமாக விழுந்தால், புத்தகம் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அச்சுக்கோத்தது. திரையில் தமிழ், உள்ளே ஆங்கிலக் குறியீடு. எந்தக் குறியீட்டு முறை என்று கண்டுபிடித்து யூனிகோடு மாற்றியில் போட்டால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

தமிழாகவே வந்தும் 'கேள்வி' என்பதில் ஏகாரக் கொம்பு ககரத்துக்கு முன்னால் தனியாகத் தொங்கினால், அது யூனிகோடு எழுத்துருதான். பிடிஎஃபாக மாற்றும்போது, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகளைப் பதிந்துவிட்டார்கள். யூனிகோடில் மெய்க்குப் பிறகுதான் கொம்பு வர வேண்டும். இப்படிப்பட்ட கோப்பில் 'கேள்வி' என்று தேடினாலும் அகப்படாது. எந்த மென்பொருளில் கோடு போட்டாலும் இதே கதிதான்.

எதையுமே தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால் அது வருடிய (ஸ்கேன் செய்த) படம். சிலர் தூரிகையால் மஞ்சள் பூசிவிட்டு, பட்டியலில் வரியைத் தேடுகிறார்கள். பூச்சுக்கு அடியில் எழுத்தே இல்லாதபோது என்ன வரும்?

பின்னிரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: எழுத்துணரி (ஓசிஆர்), அதாவது படத்திலுள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் மென்பொருள். ஓசிஆர்மைபிடிஎஃப் இலவசம், அது எழுத்தை உணரப் பயன்படுத்தும் டெஸராக்ட்டின் தமிழ்த் தரவையும் நிறுவி, மொழியாகத் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் கொடுங்கள். கொம்பு புரண்ட கோப்புக்கு 'ஃபோர்ஸ் ஓசிஆர்' தேர்வு வேண்டும். அது பழைய எழுத்தடுக்கைத் தூக்கிவிட்டு, பக்கத்தைப் படமாக்கிப் புதிதாகப் படிக்கும். கோப்பு பருக்கும், பரவாயில்லை. நீங்களே வருடுவதானால் 300 டிபிஐக்குக் குறையாதீர்கள். எழுத்துணரியை ஓட்டிய பிறகு கோடு போடுங்கள். முதலில் கோடு, பிறகு எழுத்துணரி என்று போனால் மஞ்சளும் படத்தோடு கலந்துவிடலாம்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃபில் கைப்பேசியிலேயே கோடு போட்டேன். மறுநாள் திறந்தால் ஒன்றுமில்லை.

அரட்டையிலிருந்து திறந்தால் பல செயலிகளுக்குக் கிடைப்பது படிக்க மட்டுமான நகல். நீங்கள் சேமித்தது வேறு கோப்புறையில் இன்னொரு பெயரில் இருக்கலாம், தேடிப் பாருங்கள். இனி முதலில் கோப்பைச் சேமியுங்கள், பிறகு கோப்புச்செயலி வழியாகத் திறங்கள். மேகச்சேமிப்பில் வைத்திருந்தால், கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே நேரத்தில் திறந்து வைக்காதீர்கள். இரண்டு நகலாகப் பிரிந்து, பாதிக் கோடு இங்கே, பாதி அங்கே என்றாகும்.

கேள்வி: கணக்கு எண்ணின் மேல் கறுப்புப் பெட்டி போட்டு அனுப்பினால் பாதுகாப்புதானே?

இல்லவே இல்லை. மஞ்சள் கோடு மாதிரியே அதுவும் மேலே வைத்த பொருள். பெறுகிறவர் அதை அழித்துவிடலாம். அடியிலுள்ள எழுத்தை நகலெடுக்கவும் செய்யலாம். வாசகத்தையே நீக்கும் 'ரிடாக்ட்' கருவி வேண்டும். காசு கொடுத்து வாங்கும் அக்ரோபாட் புரோவில் உண்டு. இலவசமாக வேண்டுமென்றால் லிப்ரே ஆபிஸில் 6.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. மறைத்த பிறகு பக்கங்களையே படமாக்கி ஏற்றுமதி செய்யும்.

கேள்வி: மின்னூலில் போட்ட கோடுகளை வெளியே எடுக்க முடியுமா?

மின்னூல்களின் பொது வடிவமான இபப் கோப்பில் பிடிஎஃப் போலக் குறிப்புக்கென்று எல்லோரும் பின்பற்றும் இடம் கிடையாது. ஒவ்வொரு வாசிப்பானும் தன்னிடமே வைத்துக்கொள்ளும். கணினியில் மின்னூல்களை நிர்வகிக்கும் காலிபர் 2020-இல் வந்த 5-ஆம் பதிப்பிலிருந்து கோடு போட விடுகிறது, பட்டியலாக ஏற்றுமதியும் செய்யும். கேஓரீடர் என்ற வாசிப்புச் செயலியில் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே எஸ்டிஆர் என்று முடியும் கோப்புறை இருக்கும், கோடுகள் அதில்தான். புத்தகத்தை இடம் மாற்றும்போது அதையும் சேர்த்து நகர்த்துங்கள். கிண்டில் கருவியில் 'மை கிளிப்பிங்ஸ்' என்ற உரைக்கோப்பு இருக்கிறது. கருவியில் நீங்கள் அழித்த கோடும் அதில் அப்படியே கிடக்கும். ஒரே வரியை நீட்டித் திருத்தியிருந்தால் இரண்டு முறை வரும். பதிப்பாளர் வைத்த அளவைத் தாண்டினால் வரிக்குப் பதிலாக வரம்புச் செய்திதான் பதிவாகும்.